கொங்கு நாட்டு மார்கழி விடியலை வரைய: மேகத்தைப் படித்து வண்ணம் தொடும் முழு வழிகாட்டி

விடியல் வானத்தை வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். கீழே கொஞ்சம் ஆரஞ்சு, நடுவில் ரோஸ், மேலே நீலம், ஒரு வட்டச் சூரியன். படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்த ஊர் விடியல், எந்த மாதம், அன்றைக்குக் காற்று எங்கிருந்து அடித்தது என்று கேட்டால் படத்தில் பதில் இருக்காது. நான் சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் மேகம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்து, ஒளி எந்த வழியாக வந்து அதைத் தொடப்போகிறது என்று யோசியுங்கள். இந்த இரண்டும் பிடிபட்டால் எந்த நிறம் எங்கே வரும், எத்தனை நிமிடம் நிற்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். தட்டில் வண்ணம் தயாராக இருக்கும்போது வானம் சிவந்தால் கை பதறாது.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். முறை முழுக்க நீர்வண்ணத்துக்கானது. அக்ரிலிக்கில் என்ன மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் குளிர்காலத்தின் கணக்கு

விடியல் ஓவியம் பற்றிய பாடங்களில் பல, பனி பொழியும் நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. அங்கே குளிர்காலச் சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஏறும். வண்ணம் ஒரு மணி நேரம்கூட நிற்கும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில். இங்கே பொழுது ஏறக்குறைய செங்குத்தாகக் கிளம்புகிறது. ஒரு டிகிரி ஏற நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அதனால் முழுக் காட்சியும் சூரியன் எழுவதற்கு 25 நிமிடம் முன்பு தொடங்கி, எழுந்த பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த ஒரு விஷயமே நம் வேலை முறையைத் தீர்மானிக்கிறது: வண்ணக் கலவை, காகிதம், முதல் கோடுகள் எல்லாம் இருட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

கோவையில் டிசம்பர் கடைசி வாரத்தில் சூரியன் எழும் நேரம் சுமார் 6.39. பொங்கல் சமயத்தில் 6.45. பகல் நீளத் தொடங்கிய பிறகும் ஜனவரி முழுக்க விடியல் தள்ளிக்கொண்டே போகும். ஆக, மார்கழியில் 5.45க்கு இடத்தில் இருந்தால் போதும். கோழி கூப்பிடுமுன் கிளம்ப வேண்டியதில்லை.

இன்னொன்று, மார்கழியில் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை. கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே தள்ளி எழும். கையை நீட்டி, கட்டை விரலையும் சுண்டு விரலையும் முழுக்க விரித்தால் வரும் அகலம் 20 டிகிரிக்குச் சற்று அதிகம். கோயில் கோபுரமோ தென்னந்தோப்போ நேர் கிழக்கில் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்தால், அந்த ஒரு சாண் வித்தியாசத்தில் ஒளி வேறு பக்கம் கிளம்பும். பிப்ரவரி கடைசிக்குள் அது எட்டு டிகிரியாகச் சுருங்கிவிடும்.

கோவை மேகம் சிவக்க யாழ்ப்பாணம் தெளிய வேண்டும்

சூரிய ஒளி காற்றில் நீண்ட தூரம் பயணம் செய்தால் நீலம் வழியிலேயே சிதறிவிடும். எஞ்சி வருவது ஆரஞ்சும் சிவப்பும். விடியலில் அந்தப் பயணம் மிக நீளமானது. சூரியன் இன்னும் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே, அதன் ஒளி தொலைவில் எங்கோ தரையை உரசிக்கொண்டு மேலேறி, நம் தலைக்கு மேல் இருக்கும் மேகத்தின் அடிவயிற்றைத் தொடுகிறது. அந்த உரசும் இடம் எது? பூமியின் வளைவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தாழ்ந்த மேகத்துக்கு, ஒளி உரசும் இடம் சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோவையில் நின்று மார்கழிச் சூரியனின் திசையில் அளந்தால் அது திண்டுக்கல் வட்டாரம். ஆறு கிலோமீட்டர் உயரத்து நடு மேகத்துக்கு 275 கிலோமீட்டர், அதாவது பாக் நீரிணைக் கரை. பத்து கிலோமீட்டர் உயரத்துக் கீற்று மேகத்துக்கு 350க்கும் மேல். அந்தக் கோடு யாழ்ப்பாணம் பக்கம் போய் முடிகிறது. ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ நிற்பவர்களுக்கு இந்த இடங்கள் இன்னும் கிழக்கே நகரும். மாசி நெருங்க நெருங்க, கோடு வடக்கே திரும்பி டெல்டாவைப் பார்க்கும்.

இதனால்தான் நம் தலைக்கு மேல் அழகான மேகம் இருந்தும் சில நாள் வானம் சிவக்காமலே வெளுத்துவிடுகிறது. ஒளி வரும் பாதையில், கண்ணுக்கே தெரியாத தொலைவில், கடற்கரையில் மோடம் போட்டிருக்கும். அது கதவைச் சாத்திவிடும். மாறாக, வடகிழக்குப் பருவ மேகங்கள் கரையில் கொட்டிவிட்டு நம்மிடம் வருவதற்குள் பெரும்பாலும் உடைந்து, மெலிந்து, இடைவெளி விட்டு வருகின்றன. கரையும் அன்று தெளிந்திருந்தால், அதைவிடச் சிறந்த விடியல் வானம் கிடையாது.

ஆகவே முதல் படி முந்தைய இரவிலேயே. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்கள் கிடைக்கும். இரவு ஒன்பது மணிப் படத்தையும், எழுந்தவுடன் கிடைக்கும் புதிய படத்தையும் பாருங்கள். அந்தப் படத்தில் பளிச்சென்ற வெள்ளை என்றால் குளிர்ந்த உச்சி கொண்ட உயர மேகம். மங்கல் சாம்பல் என்றால் நடு மேகம். தாழ்ந்த மேகம் தரையோடு ஒத்த வெப்பத்தில் இருப்பதால் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. அதைக் காலையில் கண்ணால்தான் பார்க்க வேண்டும். நம் மேல் மெல்லிய வெள்ளையோ சாம்பலோ இருந்து, பாக் நீரிணைப் பக்கம் கருப்பாக, அதாவது வெறுமையாக இருந்தால் காகிதத்தைப் பலகையில் ஒட்டி வையுங்கள்.

எங்கே உட்காருவது

கிழக்கும் தென்கிழக்கும் திறந்திருக்க வேண்டும். காங்கயம் பக்கத்துச் சிவன்மலை, சென்னிமலை இரண்டும் சமவெளியில் தனித்து நிற்பதால் சுற்றிலும் பார்வை விரியும். குளத்து நீரில் வானம் இரட்டிப்பாக வேண்டும் என்றால் சூலூர் குளம், திருப்பூர் நஞ்சராயன் குளம், ஈரோடு பக்கம் வெள்ளோடு. மூடுபனிக்குக் கோபி வயல்கள். உடுமலைப் பக்கத்தில் தென்கிழக்கைப் பழநி மலைத்தொடர் மறிப்பதால் சூரியன் சில நிமிடம் தாமதமாக எழும். ஆனால் அந்த மலைக்கோடே நல்ல அடித்தளமாக அமையும்.

மருதமலை, தொண்டாமுத்தூர், தடாகம் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அடிவாரத்தில் இருட்டில் யானை நடமாட்டம் உண்டு. தனியாகக் காட்டோரம் போய் உட்காராதீர்கள். ஊருக்குள் ஒரு மொட்டை மாடி கிடைத்தால் அதுவே போதும்.

இடத்துக்குப் போனதும்: புகையையும் காற்றாலையையும் பாருங்கள்

காகிதத்தை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வானிலையைப் படியுங்கள். நம் ஊரில் அதற்கு நல்ல கருவிகள் கண்ணெதிரே இருக்கின்றன.

ஒன்று புகை. கவுந்தப்பாடி, சித்தோடு பக்கம் மார்கழியில் வெல்ல ஆலைகள் ஓடும். அந்தப் புகை நேராக மேலேறி, ஓர் உயரத்தில் சட்டென்று மடங்கிப் படுக்கையாகப் பரவினால் அங்கே காற்றுக்கு ஒரு மூடி விழுந்திருக்கிறது. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு. கீழே உள்ள தூசும் புகையும் அதைத் தாண்டி ஏறாது. இந்த நாட்களில் அடிவானத்தை ஒட்டி ஊதாவும் பழுப்பும் கலந்த ஒரு பட்டை தெரியும். சூரியன் அதற்குள்ளிருந்து ஒளியில்லாத சிவப்பு வட்டமாக எழும். பட்டைக்கு மேலே உள்ள வானமோ தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள விளிம்பு மென்மையானது, ஆனால் கிடைமட்டமானது. அந்த விளிம்பை வரைந்தாலே படம் கொங்கு நாட்டு மார்கழி ஆகிவிடும். சூரியன் மங்கலாக இருக்கிறதே என்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். கண் கெடும்.

இன்னொன்று காற்றாலை. பல்லடம், தாராபுரம், உடுமலை வட்டாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் படத்துக்குள் ஒன்றிரண்டு வந்துவிடும். அவை எப்போதும் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து மேற்கே நிற்பவை, மார்கழியில் கிழக்கையோ வடகிழக்கையோ பார்த்து நிற்கும். ஆக, நீங்கள் விடியலைப் பார்த்து உட்கார்ந்தால் உங்களுக்குத் தெரிவது அவற்றின் முதுகு. இறக்கை தண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். புகைப்படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் ஆடி மாதக் காற்றாலையை மார்கழி வானத்தில் நட்டுவிடுகிறார்கள்.

காற்று எந்தப் பக்கம் என்பதற்கு மேலும் ஒரு பயன் உண்டு. மலை மறிக்காத வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வடக்கிலிருந்து வாடை வீசும் காலையில் முதுகைக் காட்டி நின்றால் தெற்கைப் பார்ப்பீர்கள். இடக்கை கிழக்கு. அதாவது வங்கக் கடலில் ஏதோ உருவாகி நிற்கக்கூடும்.

நான்கு வானங்கள்

*நடு மேக வானம்.* பள்ளிப் பாடத்தில் செம்மறியாட்டு மேகம் என்று படித்தோமே, அதுதான். கையை நீட்டிச் சுண்டு விரலைப் பிடித்தால் ஒவ்வொரு மேகத் துண்டும் விரல் அகலத்துக்கு, அல்லது இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு இருக்கும். அதைவிடப் பெரிதாகப் பொதிபொதியாக இருந்தால் தாழ்ந்த மேகம். விரலுக்குள் மறையும் பொடிப் பொடியாக இருந்தால் உயர மேகம். இந்த விரல் அளவு தலைக்கு மேல் உள்ள மேகத்துக்குத்தான் பொருந்தும். அடிவானத்தில் எல்லாமே சிறுத்துத் தெரியும்.

இந்த வானம்தான் நமக்குக் கிடைக்கும் சிறந்த பாடம். சூரியன் எழ 20 நிமிடம் முன்பு கிழக்கு ஓரத் துண்டுகள் ஆழ்ந்த கருஞ்சிவப்பாகும். பத்து நிமிடம் முன்பு தலைக்கு மேல் உள்ளவை ரோஸ் ஆகும். அதே சமயம் கிழக்கில் இருப்பவை ஆரஞ்சுக்குப் போயிருக்கும். சூரியன் எழும்போது கிழக்கில் பொன்னிறம், தலைக்கு மேல் வெளிர் ஆரஞ்சு. பிறகு வெள்ளை. ஆகவே ஒரே கணத்தில் வானம் முழுக்க ஒரே சிவப்பு இருக்காது. ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் வரைய வேண்டும். கருஞ்சிவப்பையும் பொன்னையும் ஒரே மேகத்தில் சேர்த்தால் அது எந்த நிமிடத்து வானமும் இல்லை.

இன்னும் முக்கியமானது ஒளி விழும் பக்கம். பகலில் மேகத்தின் மேல்பக்கம் வெளிச்சம், அடிப்பக்கம் நிழல். விடியலுக்கு முன் இது தலைகீழ். ஒளி கீழிருந்து வருவதால் அடிவயிறு எரியும், மேல்பக்கம் சாம்பல் நீலமாக இருக்கும். பழக்கத்தில் கை மேகத்துக்கு அடியில் கருமை வைக்கப் பார்க்கும். விடியல் படங்கள் பொய்யாகத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

*புயல் தொலைவில் நிற்கும் வானம்.* 2018ல் கஜா, 2020ல் நிவர், 2024ல் ஃபெஞ்சல் என நவம்பரில் தமிழகக் கரைக்கு வந்த புயல்கள் நமக்கு நினைவிருக்கும். இப்படி ஒன்று கடலில் நிற்கும்போது, அதன் உச்சியிலிருந்து வெளியே தள்ளப்படும் கீற்று மேகங்கள் பல நூறு கிலோமீட்டர் தாண்டி நம் வானத்துக்கும் வரக்கூடும். நீண்ட நார்களாக, ஒரே திசையில் குவிவதுபோல் இருக்கும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் இவை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சிவக்கும், விளிம்புகள் பட்டுப் போலக் கரையும். மறுநாள் மேகம் தடித்து, தேய்த்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் சூரியன் மங்கிவிடும். அந்த முதல் நாள் விடியலை விட்டுவிடாதீர்கள். கரையில் இருப்பவர்களுக்கு அது துன்பம் வரும் நேரம் என்பதும் மனதில் இருக்கட்டும். அந்தக் கனம் படத்திலும் இருந்தால் நல்லது.

*தை மாதத் தெளிந்த வானம்.* மேகமே இல்லை. நிறைய பேர் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். ஆனால் நிற அடுக்குகளைக் கற்க இதைவிட நல்ல வானம் இல்லை. அடிவானத்தில் செம்மண் ஆரஞ்சு, அதற்கு மேல் மஞ்சள், பிறகு பெயர் சொல்ல முடியாத வெளிர் பச்சை, பிறகு நீலம், உச்சியில் கருநீலம். உச்சியில் உள்ள அந்த ஆழ்ந்த நீலம் பகல் நீலம் இல்லை. சாய்ந்து வரும் ஒளி ஓசோன் அடுக்கு வழியே நெடுந்தூரம் வரும்போது மஞ்சளும் ஆரஞ்சும் உறிஞ்சப்பட்டு மிஞ்சும் நீலம் அது. அதனால் செருலியன் என்ற வெளிர் நீல வண்ணம் வேண்டாம். அல்ட்ராமரின் என்ற ஆழ்ந்த நீலத்தில் துளி இண்டிகோ சேருங்கள்.

*மூடுபனி.* மழை பெய்து மண் ஈரமாக இருந்து, இரவு தெளிந்து, காற்றும் அடங்கினால் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசன வயல்களில் பனி படுக்கும். சூரியன் எழுந்த பிறகும் சிறிது நேரம் தடித்துவிட்டு, எட்டு ஒன்பது மணிக்குள் கலையும். பொள்ளாச்சிப் பக்கம் தை மாதத்தில் கணவாயை நோக்கிக் கிழக்குக் காற்று விரைந்து ஓடும் நாட்களில் இதை எதிர்பார்க்க வேண்டாம். காற்று இருந்தால் பனி தங்காது. வரையும்போது தொலைவு கூடக் கூட வெளுப்பும் கூடும் என்பதை மூன்று அடுக்கில் நிறுத்துங்கள். பனைமரத்தின் தலை கருமையாகவும் அடித்தண்டு கரைந்தும் இருக்கும். ஈரத் தூரிகையால் தண்டின் கீழ்ப்பகுதியை ஒற்றி எடுத்தால் போதும். சூரியன் இருக்கும் பக்கம் பனி வெளிர் ஆரஞ்சு, எதிர்ப்பக்கம் சாம்பல் நீலம்.

வண்ணமும் காகிதமும்

300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம், சுமார் 28க்கு 38 சென்டிமீட்டர். அதைவிடப் பெரிதாக எடுத்தால் நம் விடியலின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. மெல்லிய காகிதம் ஈரத்தில் சுருண்டு வண்ணத்தைக் குழிகளில் தேக்கும். செலவு செய்வதானால் காகிதத்துக்குச் செய்யுங்கள், தூரிகை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

வண்ணங்கள் ஏழு போதும்: லெமன் யெல்லோ, காட்மியம் ஆரஞ்சு, பெர்மனன்ட் ரோஸ், கோபால்ட் ப்ளூ, அல்ட்ராமரின், இண்டிகோ, பர்ன்ட் சியன்னா. மாணவர் பெட்டியில் ரோஸுக்குப் பதில் கிரிம்சன் இருக்கும். பழகுவதற்கு அது சரி. ஆனால் பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது. மாட்டி வைக்கும் படத்துக்கு வேண்டாம்.

கலவைகளை வீட்டிலேயே, வெள்ளை விளக்கின் கீழ், மூடியுள்ள சிறு டப்பாக்களில் கரைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் விளக்கில் கலந்தால் ரோஸும் ஆரஞ்சும் ஏமாற்றும். எனக்கு வேண்டியது நான்கு டப்பா: லெமன் யெல்லோவில் துளி ஆரஞ்சு, ஆரஞ்சில் பாதி ரோஸ், கோபால்ட்டில் சிறிது ரோஸ், அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கொஞ்சம் ரோஸும் சேர்ந்த மேகச் சாம்பல். கடைசியது மற்றவற்றைவிடக் கெட்டியாக, தயிர் பதத்தில்.

நிமிடம் நிமிடமாக

சூரியன் எழ 45 நிமிடம் இருக்கும்போது சிறு கட்டத்தில் பென்சிலால் மூன்று தொனி மட்டும் வையுங்கள்: தரை கருமை, மேகம் நடுத்தரம், வானம் வெளிச்சம். வானமும் நிலமும் ஒரே தொனியில் இருந்தால் பிறகு எந்த வண்ணமும் காப்பாற்றாது. அடிவானக் கோட்டைக் காகிதத்தின் கீழ் ஐந்தில் ஒரு பங்கில் வையுங்கள். மேக வரிசைகள் அடிவானத்தை நெருங்க நெருங்கக் குறுகி, நெருங்கி, கடைசியில் வெறும் கீறல்களாக வேண்டும்.

25 நிமிடம் இருக்கும்போது காகிதத்தை முழுக்க நனையுங்கள். மார்கழி விடியலில் ஈரப்பதம் அதிகம், வெப்பம் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். காகிதம் எளிதில் காயாது. மூடுபனியில் இன்னும் மோசம். ஆகவே பகலில் விடுவதில் பாதித் தண்ணீர் போதும். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் மட்டும் வழக்கம்போல் நனைக்கலாம்.

பலகையைச் சற்றுச் சாய்த்து, அடிவானத்திலிருந்து தொடங்குங்கள். மஞ்சள், அதன் மேல் ஆரஞ்சு ரோஸ், பிறகு வெளிர் ரோஸ், அதன் பிறகே கோபால்ட். மஞ்சளும் நீலமும் நேராகத் தொட்டால் பச்சை பிறக்கும். நடுவில் ரோஸ் காவல் இருக்கட்டும். தெளிந்த வானத்து வெளிர் பச்சை வேண்டுமென்றால் அந்த இடத்தில் ரோஸை விட்டுவிட்டு, வெறும் தண்ணீரால் இரண்டையும் மெதுவாகச் சேருங்கள். தூரிகையைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள்.

இப்போது காத்திருங்கள். காகிதத்தின் பளபளப்பு மறைந்து, தொட்டால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் நிலை ஒன்று வரும். மேகம் வைக்க அதுதான் நேரம். கெட்டிச் சாம்பலை எடுத்து, மேகத்தின் மேல்பக்கத்தை மட்டும் வையுங்கள். அடிவயிற்றில் ஏற்கனவே இருக்கும் ரோஸையும் ஆரஞ்சையும் அப்படியே விடுங்கள். எரியும் நிறத்தை நீங்கள் பூசுவதில்லை, சுற்றிலும் சாம்பல் வைத்து வெளியே கொண்டுவருகிறீர்கள். தூரிகையில் உள்ள தண்ணீர் காகிதத்தில் உள்ளதைவிட அதிகமாக இருந்தால் வண்ணம் விரட்டப்பட்டு ஓரம் கட்டிப் பூத்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் துணியில் ஒற்றிவிட்டே தொடுங்கள். மேலே உள்ள பெரிய துண்டுகளுக்கு மென்மையான விளிம்பு. அடிவானக் கீறல்களைக் காகிதம் காய்ந்த பிறகு கூர்மையாக இழுக்கலாம்.

எல்லா இடத்திலும் தீ வைக்காதீர்கள். ஒரு வானத்தில் மிகச் செறிந்த நிறம் இருக்கும் இடம் சிறியது. மற்றதெல்லாம் சாம்பல் கலந்த ரோஸ், சாம்பல் கலந்த நீலம். அந்த அடக்கம் இருந்தால்தான் சிறிய இடம் ஒளிரும்.

சூரியனை வைப்பதானால் அளவைக் கணக்கிட்டு வையுங்கள். அது வானத்தில் அரை டிகிரி அகலம்தான். 38 சென்டிமீட்டர் காகிதத்தில் 50 டிகிரி அகலக் காட்சி இருந்தால் சூரியன் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. ரூபாய் நாணய அளவுக்குப் போட்டால், மலையும் தோப்பும் பொம்மையாகச் சுருங்கிவிடும். மேகத்தைத் துளைத்து ஒளிக்கற்றைகள் விரிந்து வந்தால், அவை உண்மையில் இணையானவை, நம்மை நெருங்கும்போது விரிவதாகத் தோன்றுகின்றன. எல்லாம் சூரியன் இருக்கும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும். காய்ந்த காகிதத்தில் ஈரமான தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம்.

தரை கடைசி. முழுக்கக் காய்ந்த பிறகு இண்டிகோவும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து ஒரே மூச்சில். கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரத்தின் குடை, கிளுவை வேலி, பனை, தென்னை. சுத்தக் கறுப்பு வேண்டாம், விடியலில் நிழலுக்குள்ளும் நீலம் இருக்கும். ஓலையிடுக்கில் வானம் தெரியும் ஓட்டைகளை விட்டுவையுங்கள்.

திரும்பி மேற்கையும் பாருங்கள்

கிழக்கு வெறுமையாக இருக்கும் நாளில் நம் ஊருக்கு மட்டும் வாய்த்த ஒரு காட்சி முதுகுக்குப் பின்னால் நடக்கும். மேற்கே வெள்ளியங்கிரியும் நீலகிரியும் சுவராக நிற்கின்றன. விடியலுக்குச் சற்று முன் மேற்கு வானத்தில் ஒரு சாம்பல் நீலப் பட்டை, அதன் மேல் ரோஸ் பட்டை. கீழே உள்ள நீலம் பூமியின் நிழல். சூரியன் ஏற ஏற நிழல் கீழே இறங்கி மலைக்குப் பின்னால் போய்விடும். சமவெளியில் பொழுது கிளம்புமுன்னே, ஐந்தாறு நிமிடம் முந்தி, மலையுச்சிகளில் ரோஸ் ஒளி விழும். பூலுவபட்டி, ஆலாந்துறைப் பக்கத்திலிருந்தும், நீலகிரியைப் பார்க்கச் சிறுமுகையிலிருந்தும் இது நன்றாகத் தெரியும்.

இதற்குக் கிழக்கு வானத்துத் தொனிகளை மறந்துவிட வேண்டும். இங்கே கருமை கிடையாது. மலையின் நிழல்பக்கம் கோபால்ட்டும் ரோஸும் மிக வெளிராக. ஒளிபட்ட உச்சி ரோஸும் துளி பர்ன்ட் சியன்னாவும். பருவமழைக் காலத்தில் கிழக்குக் காற்று மலைமேல் ஏறி, உச்சியில் மேகத்தொப்பி போட்டிருக்கும். அந்தத் தொப்பியின் கிழக்கு முகம் முழுக்க ரோஸ் ஆகும். அடிவாரத்தில் புகைமூட்டம் இருந்தால் மலையின் கால் கரைந்துபோகட்டும்.

கைப்பேசியும் குறிப்பும்

கைப்பேசிப் படத்தை நம்பி வீட்டில் வரைகிறவர்கள், வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பகல் வெளிச்சத்துக்கு நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். தானியங்கி முறை, வானத்தில் உள்ள ரோஸைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும். ஆனாலும் நிறத்துக்குப் படத்தைவிடக் களத்தில் வைத்த நான்கு துளி வண்ணமே மேல்.

இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டன் அருகே ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே எண்ணெய் வண்ணத்தில் திரும்பத் திரும்ப வரைந்தார். பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை, வானிலை எழுதி வைத்தார். அதே பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடம், மணி, காற்று, விரல் அளவில் மேகம், புகை மடங்கியதா, முந்தைய இரவு செயற்கைக்கோள் படத்தில் கரை எப்படி இருந்தது, எந்த நிமிடத்தில் சிவந்தது. ஒரு மார்கழி முழுக்க எழுதினால், எந்த அறிகுறிக்கு எந்த நிறம் என்பது உங்கள் ஊருக்கென்றே ஒரு பட்டியலாகக் கிடைக்கும்.

அக்ரிலிக்கில்

வரிசை தலைகீழாகும். முதலில் சாம்பல் வானம், பிறகு மேகத்தின் கரு உடல், கடைசியில் அடிவயிற்றின் ஒளி. ஒளியை வெறும் வெள்ளையில் வெளுக்காதீர்கள், ரோஸ் சுண்ணாம்பாகிவிடும். மஞ்சளில் வெளுத்து, அதன்மேல் மெல்லிய ரோஸை ஓட்டுங்கள். காலைக் குளிரில் அக்ரிலிக்கும் சற்றுத் தாமதமாகக் காய்வதால் விளிம்புகளை விரலால் மென்மையாக்க நேரம் கிடைக்கும். எட்டு மணி வெயில் ஏறியதும் அந்தச் சலுகை போய்விடும். அதற்குள் மேக விளிம்புகளை முடித்துவிட்டு, தரையையும் மரங்களையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்யலாம்.